ஈடு

டிசம்பர் மூன்று உள்ளூர் விடுமுறை என்று
கலெக்டர் கையெழுத்திட்ட தாளிலேயே
அடுத்த பத்தியில் இருக்கிறது:
ஈடாக இரண்டாம் சனி பள்ளிக்கூடம் உண்டு.
அண்ணன் மகள் ஜெஸ்மி அந்தப் பத்தியை மட்டும்
மூன்று தடவை வாசித்துவிட்டு
"சவம்" என்று ரிமோட்டைக் கட்டிலில் எறிகிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் போனிலும் ஒரு பத்தி கிடக்கிறது.
கோட்டாற்றுத் திருவிழாவுக்கு வந்த ஐந்து நாளுக்கு
இருபத்திரண்டு பீரியடு பாக்கி.
ஆன்லைனில் எடுக்கலாம்,
எடுக்காவிட்டால் சம்பளத்தில் எடுப்பார்கள்.
கீழே பிரின்சிபால் பெயர், பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு.

மாலத்தீவில் வெள்ளி சனி ஓய்வு என்று
ஒப்பந்தத்தில் இருந்தது. இப்போதும் இருக்கிறது.
ஜூனில் புயலடித்து நான்கு நாள்
படகு வரவில்லை, பள்ளி திறக்கவில்லை.
குவார்ட்டர்ஸ் தகரத்தைக் கயிறு போட்டுக்
கட்டிக்கொண்டிருந்தோம் அந்த நான்கு நாளும்.
பிறகு சுற்றறிக்கை:
நான்கு சனிக்கிழமை, வெளிநாட்டு ஆசிரியர்கள் மட்டும்.
புயல் எங்களோடு விமானத்தில் வந்திறங்கியதுபோல.

கடிதம் எழுதினோம்.
மணிலாக்காரி மரிவிக் ஆங்கிலம் திருத்தினாள்.
ஐந்து கையெழுத்து, மத்தியானச் சோற்றுக்குள் மூன்று.
களியக்காவிளை பிபின் என்னைப் பாராமல்
"விசா புதுக்கணும் டீச்சரே" என்றான்.
அவன் பெயரை அவனே அடித்தான்,
ஸ்கேல் வைத்து, நேராக.
டிராயிங் எடுப்பவன்.

ஈடு என்றால் எங்கள் வீட்டில் வேறு.
ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக
அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி
செட்டிகுளம் பேங்கில் இருக்கிறது.
இன்று காலை போனேன், திறந்திருந்தது.
செலாவணி முறிச்சட்டப்படி இது பொது விடுமுறை அல்ல,
கலெக்டர் தாளின் கடைசி வரி.
வட்டிக்கு ஏது உள்ளூர்?

மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் லேப்டாப்.
இங்கே பதினொன்று, அங்கே பத்தரை.
ஒன்பதாம் வகுப்பு, இருபடிச் சமன்பாடு.
"விடை இரண்டு வரும். நீளத்தைக் கேட்டால்
மைனஸை விட்டுவிடு" என்கும்போது
வெடி.
பிறகு மேளம். பிறகு தெரு முழுக்க ஆள்.
"மிஸ், சண்டையா?" என்றான் நாயிஷ்.
என்னத்தைச் சொல்லி விளங்கவைக்க?
லேப்டாப்பைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் திருப்பினேன்.

தேர்.
உப்பும் மிளகும் எறிகிற கைகள்.
தேருக்குப் பின்னால் தார் ரோட்டில்
விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து
கும்பிடு நமஸ்காரம் செய்து வருகிறவர்கள், நெற்றியெல்லாம் மண்.
திரையில் இருபத்தாறு பிள்ளைகள் அசையவில்லை.
நெட் போச்சு என்று நினைத்தேன்.
ஷவ்ஃபா மெல்லக் கேட்டாள்:
அந்த அங்கிள் இந்தத் தெரு முடிய
எத்தனை தடவை விழுவார்?
ஆள் ஐந்தரை அடி, தெரு நானூறு மீட்டர் என்று வைத்தோம்.
அடியை மீட்டராக்கினார்கள், சண்டை போட்டார்கள்,
இருநூற்று முப்பத்தொன்பது என்றார்கள்.
"நடுவில் தண்ணீர் குடித்தால்?" என்றான் நாயிஷ்.
அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

சாயங்காலம் செய்தி வந்தது. பிரின்சிபால்
சத்தமில்லாமல் வகுப்புக்குள் இருந்திருக்கிறார்.
பதினெட்டு நிமிடம் பாடத்திட்டத்துக்கு வெளியே.
ஈடு செய்யவும்.

"உனக்குமா அத்தே?" ஜெஸ்மி எட்டிப் பார்க்கிறாள்.
முதன்முதலாக என்மேல் அவளுக்கு
ஒரு மரியாதை வருகிறது.

பதினெட்டு நிமிடமும் கணக்குதான் மேடம்
என்று தட்டினேன். அழித்தேன்.
பிபினின் ஸ்கேல் ஞாபகம் வந்தது.
திரும்பவும் தட்டினேன்.
கூடவே அந்த நான்கு சனிக்கிழமையையும் சேர்த்தேன்.
இன்னும் அனுப்பவில்லை.

கீழே மாநகராட்சி ஆட்கள்
அதற்குள் பெருக்க வந்துவிட்டார்கள்.
மிளகெல்லாம் ஓடையோரம் கறுப்பாகக் குவிகிறது.