இரண்டு டம்ளர்

மலச்சிக்கல் என்று சீட்டில் எழுதவில்லை டாக்டரம்மா,
இங்கிலீஷில் ஏதோ கிறுக்கினார்.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில்
"இசப்கோல் இருப்பு இல்ல, வெளிய வாங்கிக்க" என்று
கூட்டம் முழுக்கக் கேட்கச் சொன்னபோது
எனக்குப் பின்னால் நின்றவர் காலை மாற்றி நின்றார்.
அவருக்கும் அதுதானோ என்னவோ.

எத்தனை நாளா?
ஐந்து.
தண்ணி எவ்வளவு குடிப்பே?
காலையில் காபி. மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர்.
ஏன்?
ஏன் என்று சொல்ல
அவரை லாரன்ஸ் ரோட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

இரண்டாம் மாடி, காட்டன் பிரிவு.
ஒன்பதரைக்கு ஏறினால் இறங்க இரவு ஒன்பது.
முப்பத்தொரு பெண்களுக்கு ஒரு கழிப்பறை,
அதுவும் கீழே, பார்சல் கட்டும் இடத்துக்குப் பின்னால்.
சாவி தணிகாசலம் சாரிடம்.
சாவியோடு ஒரு நோட்டு:
பெயர், போன நேரம், வந்த நேரம்.
ஏழு நிமிடம் தாண்டினால் சிவப்பு மை.
பட்டனை அமுக்கினால் வர
அது என்ன லிஃப்டா?

ஆகவே தண்ணீரைக் குறைத்தோம்.
யாரும் சொல்லித் தரவில்லை.
தாகம் எடுத்தால் ஜெபசீலி ஏலக்காய் மெல்லுவாள்,
நான் எச்சிலை விழுங்குவேன்.

போன வருஷம் நாற்காலிகள் வந்தன.
கடைப் பெண்கள் உட்காரச் சட்டமாம்.
பாலித்தீன் உரை பிரியாமல்
சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன,
மேலே தள்ளுபடிப் பலகை.
உட்காரச் சட்டம் வந்துவிட்டது.
உட்கார்ந்தும் வராததற்கு
யார் மசோதா கொண்டுவருவார்?

முதல் ராத்திரி
ஒரு ஸ்பூன் உமியைக் கால் டம்ளரில் கலக்கினேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதி
தவளை முட்டை மாதிரி ஆனது.
வண்டிப்பாளையத்து அறையில் கூடத் தங்கும் இருவரும்
ஜவ்வரிசிப் பாயசமா, எங்கே எங்கள் பங்கு என்றார்கள்.
கண்ணை மூடி விழுங்கினேன்.
மூன்று நாள்.
வயிற்றுக்குள் யாரோ பஞ்சு மூட்டை இறக்கிவிட்டு
ரசீது வாங்காமல் போயிருந்தார்கள்.

திரும்பப் போனேன்.
திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.
"நார் தானா ஒண்ணும் செய்யாதும்மா.
முழு டம்ளர்ல கலக்கு. மேல இன்னொரு டம்ளர்.
அப்புறம் நாள் பூரா குடி."
நாள் பூரா.
தலையாட்டிவிட்டு வேலைக்கு வந்தேன்.

அன்று நெய்வேலியிலிருந்து வந்த அம்மாள்
இயற்கை நார்ப் புடவைதான் வேண்டும் என்றார்.
வாழைநார், லினன், சணல் கலந்தது,
இருபத்திரண்டு பிரித்துப் போட்டேன்.
"இதெல்லாம் உடம்புக்கு நல்லது, இல்ல?"
நல்லதுதாம்மா என்றேன்.
தண்ணீரோடு என்று சொல்ல வாய் வந்தது.

ஒன்றின் முந்தானைக் குஞ்சத்தில் நூல் சிக்கியிருந்தது.
சிக்கலை இழுக்கக் கூடாது, இழுத்தால் இறுகும்.
விரலை நனைத்து, தடவி,
அது தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும்.
சேர்ந்த புதிதில் தணிகாசலம் சாரே காட்டியது.
விரலை நாக்கில் வைத்தேன்.
விரல் ஈரமாகவில்லை.

அம்மாள் ஒன்றும் எடுக்காமல் போனார்.
நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து
கவுண்டரில் வைத்தே குடித்தேன், கழுத்து நனைய.

பூங்காவனம், 11.40.
பூங்காவனம், 2.05.
பூங்காவனம், 4.30, சிவப்பு.
"சுகரா உனக்கு?" என்றார் சார்.
"இல்ல சார், தாகம்."
மறுநாள் என் பெயருக்குக் கீழே ஜெபசீலி.
அதற்கும் கீழே பில் போடும் ரஹ்மத்.
சனிக்கிழமை புது நோட்டு வாங்க ஆள் அனுப்பினார்.

செவ்வாய் விடியல்.
தெருவில் பால் வண்டிச் சத்தம்.
முக்கவில்லை, வேண்டிக்கொள்ளவில்லை,
மூச்சு விடுகிற மாதிரி வந்தது.
கண்ணில் ஏன் நீர் என்று தெரியவில்லை,
குடித்ததில் மிச்சமோ.

அறைக்காரி கதவைத் தட்டினாள்.
"இரு" என்றேன்.
ஏழு நிமிடம்
எப்போதோ தாண்டியிருந்தது.