எச்சம்

பெரட்டுக்களத்துத் தகரச் சுவரில்
மைதாப் பசை காயாத நோட்டீஸ்.
சேரம்பாடியில் எட்டு நாளாய் விடாத மழை,
பசை எப்படிக் காயும்.

முழுக்க இங்கிலீஷ்.
"நீதானே தபால்ல பி.ஏ. படிக்கிற, வாசி" என்று
கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல்
என்னை முன்னால் தள்ளினார்கள்.
அந்த ஒரு தாளில் இரண்டு முறை தோற்றதை
யாரிடமும் சொன்னதில்லை.
இரண்டு முறையும் கவிழ்த்தது இந்தக் கிளாஸ்தான்.
வகுப்பு இல்லை, டீ டம்ளர் இல்லை,
வாக்கியத்துக்குள் குடியிருக்கும் குட்டி வாக்கியம்.
தானே நின்றால் முதன்மை,
நிற்க முடியாமல் சாய்ந்தால் துணை.
எங்கள் லயத்தில் எந்தச் சுவர்
எதில் சாய்ந்திருக்கிறது என்று இடிந்தால்தான் தெரியும்.

'ஹூ'வில் தொடங்கியதைப் பென்சிலால் அடைத்தேன்.
வெளியே நின்றது:
தொழிலாளர்கள் முப்பதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.
உள்ளே மாட்டியது:
கணக்கு முடித்துப் பணம் வாங்கிய.

வாங்கியது ஒன்பது பேர்.
லயத்தில் நாற்பத்தோரு வீடு.

'ஹூ'வுக்கு முன்னால் கமா இருந்தால் எல்லோரும்.
இல்லையென்றால் அந்த ஒன்பது பேர்.
கைடில் இதற்கு உதாரணம், லண்டனில் இருக்கும் தம்பி.
அந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை தம்பி என்று
கமாதான் சொல்லுமாம்.
எனக்கென்ன என்று சாய்ஸில் விட்ட கேள்வி.

நோட்டீஸில் அதே இடத்தில்
ஒரு கறுப்பு, கீழே சின்ன வால்.
மையா,
பசையில் சிக்கிய தேயிலைத் தூசியா.
நகத்தால் சுரண்டினேன்.
பாதி வந்தது.

"என்னடி போட்டிருக்கு?"
பெரியநாயகி அக்கா. வாங்காதவள்.
பின்னால் மருதவீரன், வாங்கியவர்,
பிளாஸ்டிக் கொங்காணியை உதறியபடி.

தமிழில் அந்தக் கமாவுக்கு இடமே இல்லை.
'வாங்கிய' என்று சொல்லிவிட்டால்
எத்தனை பேர் என்பது என் குரலில்தான் இருக்கிறது.
நல்லவேளை, முற்று கடைசியில்தான் வரும்.
அதுவரை நாடுகாணி இறக்கம் மாதிரி
வளைந்துகொண்டே போகலாம்.

"கணக்கு முடிச்சு, கையெழுத்துப் போட்டு,
பணம் வாங்கின தொழிலாளர்கள்,
இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள, அவங்கவங்க வீட்டை..."

தகரத்தில் மழை விழ,
அக்கா கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து தளர்த்த,
மருதவீரன் என் வாயையே பார்க்க,
நகக்கண்ணில் அந்தப் பாதிக் கறுப்போடு
நான்