மீதமுள்ள நேரம்

இரவு பதினொன்று நாற்பது.
காவேரிப்பட்டினம், ஜெராக்ஸ் கடை மாடி.
திம்மராயன் அண்ணனின் மாங்கூழ் ஆலை
என் லேப்டாப்பிலிருந்து கிளம்பி
எந்த ஊரில் இருக்கிறதென்று எனக்கே தெரியாத
ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

போய்க்கொண்டிருக்கிறது என்பது
மரியாதைக்குச் சொல்வது.

மீதமுள்ள நேரம் மூன்று மணி என்கிறது.
தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்
ஒன்பது மணி என்கிறது.
சற்று யோசித்து, நாற்பது நிமிடம்.
கடன் வாங்கியவன்கூட
இத்தனை வாய்தா சொல்லமாட்டான்.

காலையில் துபாய்க்காரர் பார்ப்பாராம்.
"பட்டனைத் தட்டினா போயிடாதா பாப்பா?"
பத்து மணிக்கு ஒருமுறை கேட்டார்,
பத்தேகாலுக்கு ஒருமுறை.

போகும் அண்ணா.
ஆனால் உங்கள் ஆலை
நாலாயிரத்துச் சொச்சம் துண்டுகளாக இருக்கிறது.
எழுத்துருவுக்கு ஒன்று, அம்புக்குறிக்கு ஒன்று,
மவுஸ் பட்டால் மஞ்சளாகும் பொத்தானுக்கு ஒன்று.
எல்லாம் நகத்தளவுதான்.
ஒவ்வொன்றும் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்று
பேர் சொல்லி, எடை சொல்லி,
சீட்டு வாங்கிக் கடந்த பிறகுதான்
அடுத்தது வண்டியை எடுக்கிறது.
ரோட்டில் குறையில்லை.
நின்று நின்று போவதில் போகிறது ராத்திரி.

நிறுத்தினேன்.
மொத்தத்தையும் ஒரே ஜிப்பில் கட்டினேன்.
ஒரு லாரி, ஒரு சீட்டு.
அங்கே போய் அவிழ்த்துக்கொள்ளலாம்.

அப்போதும் கனத்தது.
படங்கள்.
அண்ணனின் மகன் புதுப் போனில் எடுத்த
இருபத்தாறு படங்கள், ஒவ்வொன்றும் ஒன்பது எம்பி.

குறைத்துக்கொண்டே வந்தேன்.
பாய்லர் குறைந்தது. பீப்பாய்கள் குறைந்தன.
செந்தூராவின் சிவப்பில் கொஞ்சம் போனது,
யாருக்கும் தெரியாது.
கேட்டருகே வெள்ளைச் சட்டையில் நின்ற அண்ணன்
கால்வாசியான பிறகும் அண்ணனாகவே இருந்தார்.

பதினேழாவது படம்,
தோல் சீவும் மேசை.
முன்னால் கிளிமூக்கு மாங்காய்க் குவியல்.
பின்னால், ஓரமாக, வலைத்தொப்பி போட்ட ஒருத்தி
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல
நிமிர்ந்து பார்க்கிறாள்.

தரம் எண்பதில் அவளுக்கு மூக்குத்தி இருக்கிறது.
அறுபதில் மூக்கு இருக்கிறது.
நாற்பதில்
ஆறேழு பழுப்புக் கட்டங்கள்.
மாங்காய் மட்டும் எல்லாத் தரத்திலும் மாங்காய்.

எண்பதுக்கு ஏறினேன். நாற்பதுக்கு இறங்கினேன்.
திரும்ப ஏறினேன்.
அவளை எனக்குத் தெரியாது.
பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்தில் நின்றிருக்கலாம்.
துபாய்க்காரர் அவளைத் தேடப்போவதில்லை.
அண்ணனின் மகனே
அவளை எடுக்க நினைத்து எடுத்ததில்லை.

மற்றதெல்லாம் ஜிப்பில் போய்ச் சேர
இருபது நிமிடம்கூட ஆகவில்லை.
பதினேழாவதைத் தனியாக ஏற்றினேன்,
எடுத்தபடியே, சீவாமல்.

ஒன்றேகாலுக்குக் கரண்ட் போனது,
கூடவே மோடமும்.
போனை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்து
அதன் ஒற்றைக் கோடு சிக்னலில்
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அதே போனில் அண்ணன் கூப்பிட்டார்.
ஜன்னலோடு ஒட்டி நின்று பேசினேன்.
"தூக்கமே வரல. எல்லாம் ஏறிடுச்சா?"
"ஏறிடுச்சுண்ணா. ஒரே ஒரு ஆள் வரணும்."
"லேட்டா வந்தா
அரைநாள் கூலி பிடிச்சுடுவேன்னு சொல்லு"
என்று சிரித்தார்.

வைத்துவிட்டுப் பார்த்தேன்.
அறுபத்தொரு சதவீதம்.
தொப்பி வந்திருக்கும்.
நெற்றி வந்திருக்கும்.