திறந்து காட்டுங்கள்

குஷிரோ விமான நிலையத்தில்
பெல்ட் நின்றது.
பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி நின்றது.
திரையில் என் கைப்பை
ஆரஞ்சும் பச்சையுமாய்க் கரைந்துகிடக்க
நடுவில் நீலமாய் அவன்:
பல்சக்கரங்கள், ஒரு சுருள்வில்,
ஒரே ஒரு கை.

"இது என்ன?"
சோதனைப் பையனின் சட்டையில் ஒனோதெரா என்றிருந்தது.
ரோபோ, என்றேன்.
எதற்கு என்று வாய் கேட்கவில்லை,
புருவம் கேட்டது.

ஐம்பத்து மூன்று வயதுக்காரியின் பையில்
பொம்மை எதற்கு என்பதற்கு
எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பேன்.
மாற்றலாகிப் போன ஏழு ஊர்களிலும்,
கட்டிக்கொண்டவரிடமும்,
பிறகு அவருடைய வக்கீலிடமும்
அதையேதான் சொன்னேன்:
அப்பா எனக்கு வாங்கித் தந்தது.

காகித ஆலையில் குளிர்கால போனஸ் வந்த அன்று
ஓவர்கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.
டடாமிப் பாயில் அவன் நடக்கமாட்டான், கால் தடுக்கும்.
அடுப்படி லினோலியத்தில் மட்டும்
எட்டு அடி வைப்பான், மார்புக் கதவு திறக்கும்,
இரண்டு சிவப்பு பல்பு கண் சிமிட்டும்.
தரை கொஞ்சம் வாட்டம்.
எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும்
கடைசியில் குளிர்ப்பெட்டியில் போய்
முட்டிக்கொண்டு நின்றபடி நடப்பான்,
நடந்துகொண்டே இருப்பான்.

அண்ணன் மோதோகி ஒரு கையைப் பிடித்து இழுத்தான்.
நான் இன்னொன்றை.
இடது கை அவனுக்கு, மீதியெல்லாம் எனக்கு.
அதுதான் எங்கள் முதல் பாகப்பிரிவினை.
அப்பா போனபிறகு நடந்தது இரண்டாவது.
அதற்குப் பின் ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.

"திறந்து காட்டுங்கள்."

முதுகு மூடியின் திருகில்
பத்து யென் நாணயத்தின் விளிம்பு சரியாகப் பொருந்தும்.
கை மறக்கவில்லை.
பாட்டரி கசிந்து, வெளிறி, உப்பாய்ப் பூத்திருந்தது.
அதன் பின்னாலிருந்து என்னவோ
பிளாஸ்டிக் தட்டில் விழுந்து
டக்கென்று உருண்டது.

பல்.
அரிசியைவிடச் சற்றே பெரிது.
கீழ்வரிசைப் பால்பல்,
ஓரத்தில் பிறை வடிவில் ஒரு சில்லு.

இரண்டாம் வகுப்பில்
பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தவன் மோதோகி.
என் பற்கள் அப்போது
எல்லாம் இடத்தில் இருந்தன.

கீழ்ப்பல் விழுந்தால் கூரைமேல் எறியவேண்டும்,
அப்போதுதான் புதுப்பல் நேராக முளைக்கும்.
எங்களுக்கோ நாலாம் மாடி.
மேல்வீட்டு இஷிகுரோவின் தரைதான் எங்கள் கூரை.
எறிந்துவிட்டேன் என்று
ஓட்டை வாயோடு வந்து நின்றான்.
எந்தக் கூரை என்று
வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

தன் பல்லை யாரும்
அடுத்தவர் பொம்மைக்குள் ஒளித்துவைப்பதில்லை.

ஒனோதெரா பட்டியலில் விரலை ஓட்டினான்.
கத்தி, லைட்டர், திரவங்கள்...
பல்லைப் பற்றி ஒன்றுமில்லை.
மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவந்து
"கொண்டுபோகலாம்" என்றான்,
மிக மரியாதையாக,
இரண்டு கையாலும் தட்டை நீட்டி.

ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
போய்ப் போய்த் திரும்பியது.
விமானம் நாற்பது நிமிடம் தாமதம்.

"உன் பல் என்னிடம் இருக்கிறது"
என்று போனில் தட்டினேன்.
ஆள்கடத்தல்காரி எழுதியதுபோல் இருந்தது. அழித்தேன்.
"அது உன்னுடையதுதான்"
என்று தட்டினேன்.
எது என்று கேட்பான்.
நாற்பத்தைந்து வருஷத்தை
பெருவிரலால் விளக்கவேண்டும். அழித்தேன்.

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
சொல் போனவர்களுக்குப்
பல் மட்டும் கிடைத்தால்
என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

"கை இருக்கிறதா?"

அனுப்பிவிட்டேன்.

பல்லை இருந்த இடத்திலேயே வைத்து
மூடியைத் திருகப் போனபோது
நாணயத்தைக் காணோம்.
பையில், பாக்கெட்டில், கையுறைக்குள்...

"அம்மா!"
ஒனோதெரா ஓடிவந்தான்.
மூச்சு வாங்கியது.
பத்து யென்.