நேரான் தோட்டத்துக் கடல்

தோட்டத்தின் பெயர் நேர்ன்.
வெள்ளைக்காரன் வைத்தது.
எங்கள் வாயில் அது நேரான் தோட்டம்.
மேட்டு லயத்திலிருந்து ஸ்டோருக்கு இறங்க
முப்பத்தொரு வளைவு,
ஒரு பாதையும் நேரில்லை.

அஞ்சாம் வகுப்பில்
நேசரத்தினம் டீச்சர் அட்டை கழன்ற அட்லஸை விரித்தார்.
ஸ்கொட்லாந்தின் தலைமாட்டில்
கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி.
நேர்ன்.
அதை ஒட்டி நீலம்.
"அடேய், நம்ம தோட்டம் கடலோரத்துல இருக்குடா!"
கத்தியவன் தொரசிங்கம்.
அன்றைக்கு முழுக்கச் சண்டை,
அலை வந்தால் எந்த லயம் முதலில் மூழ்கும் என்று.
பணிய லயத்தை நாங்கள் மூழ்கடித்தோம்.
அவர்கள் எங்கள் சிலேட்டை உடைத்தார்கள்.

பள்ளிக்கூடம் ஒரே மண்டபம்.
வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே கரும்பலகைதான் சுவர்.
மூன்றாம் வகுப்பின் ஏழாம் வாய்ப்பாடு
எங்கள் திருக்குறளுக்குள் நுழைந்துவிடும்.
பத்து மணிவாக்கில் பனியும் நுழையும்,
பின்வாங்கில் இருப்பவனை முதலில் அழிக்கும்.
இடாப்பு கூப்பிட்டால்
குரல் மட்டும் "உள்ளேன்" என்னும்.
அட்டைக்குப் பயந்து காலில் தேய்த்த சவுக்காரம்
காய்ந்து, வெள்ளை வெள்ளையாய்
வாங்கின் கீழ் உதிர்ந்து கிடக்கும்.

டீச்சருக்குச் சொந்த ஊர் பருத்தித்துறை.
தகரத்தில் மழை இறங்கினால்
பாடத்தை நிறுத்திவிடுவார்.
"இந்தச் சத்தந்தான்" என்பார் ஒருநாள்.
என்ன சத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.
மழை விடுவதற்குள்
கடைசி மணி அடித்துவிடாதா என்பதே எங்கள் கவலை.

தவணைப் பரீட்சைக்குக் கட்டுரை:
கடற்கரையில் ஒரு மாலை. நூறு சொற்கள்.
நான் வாசிப்புப் புத்தகத்திலிருந்து
கதிரவனை எடுத்தேன், கட்டுமரத்தை எடுத்தேன்,
கிளிஞ்சல் என்றால் என்னவென்று தெரியாமலே
ஒரு கை பொறுக்கினேன்.
பத்துக்கு எட்டு.
தொரசிங்கம் கடலில் கொழுந்து நிறுத்தான்,
கணக்கப்பிள்ளை தராசில் ஏமாற்றினார்.
அதற்கு ஐந்தும் ஒரு குட்டும்.
சந்தனம் எழுதியது இவ்வளவுதான்:
"நான் கடல் பார்த்ததில்லை.
அம்மா உப்பு வாங்கிவரச் சொன்னா.
கடையில் உப்பு இல்லை."
சிவப்பு மையில் டீச்சர் போட்டிருந்தார்,
சொற்கள் போதாது.

இப்போது தோன்றுகிறது,
காட்டை வெட்டிப் பெயர் வைத்தவனும்
அந்தப் பரீட்சையைத்தான் எழுதியிருப்பான்.
எங்கேயோ கடற்கரைப் பள்ளிக்கூடத்தில்
காற்சட்டையில் மணலோடு இருந்த பயல்,
ஆறாயிரம் அடியில் குளிரில் குந்தி
தன் ஊர்ப் பெயரை
ஒரு மலைக்கே தலைப்பாய்ப் போட்டுவிட்டான்.
கட்டுரையை எங்கள் ஆட்கள் எழுதினார்கள்,
நிரை நிரையாய், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு.
அவன்மேல் இரக்கப்படலாமா
என்று யோசித்தேன். முழுசாய் வரவில்லை.

அடுத்த வருசம் சந்தனத்தின் வீட்டுக்குப் பாஸ்போட் வந்தது.
கோழியை எங்களுக்குக் கொடுத்தார்கள்,
அம்மியைத் தொரசிங்கம் வீட்டுக்கு.
ஸ்டேசனில் எல்லாரும் கதற
கோச்சி கிளம்பியது.
அவள் அழவில்லை. யன்னலில் கத்தினாள்,
"கடலைப் பாத்து எழுதுறேன், நூறு சொல்லு!"
இடாப்பில் அவள் பெயர்மேல் கோடு.
அந்த மாதம் மட்டும் ஒன்பது கோடு.

கூடலூரிலிருந்து ஒரேயொரு கடிதம்.
இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் அட்டைதான்.
கப்பலில் அடித்தட்டில் இருந்தோம்.
தம்பி வாந்தி, அம்மாவும் வாந்தி.
வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
கடலைப் பார்க்க முடியவில்லை.
நீ பார்த்தால் எழுது.

நான் பார்த்தபோது வயது முப்பத்துநாலு.
அடையாள அட்டை விசயமாய்க் கொழும்பு போய்,
கந்தோரில் நாளைக்கு வா என்று சொல்லி,
காலிமுகத்திடலில் செருப்பைக் கையில் எடுத்தேன்.
இரைந்தது. தகரத்தில் மழை.
தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும்
சட்டென்று குனிந்து
அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன்.
பக்கத்தில் இஸ்ஸோவடை தின்றவன் சிரித்தான்.

பஸ்ஸில் ஏறி அட்டன் வரும்வரை
கால் பிசுபிசுத்தது.
இறங்கிச் சொறிந்தபோது
வெள்ளையாய் ஏதோ உதிர்ந்தது.