கெடுதல்

நூற்றுப் பதினாலு விதிகள்.
எனிகோ ஒவ்வொன்றாய் எழுதியவை:
தண்டவாளத் துண்டைக் கண்டால் ஒரு வட்டம் செய்.
கைகாட்டியைக் கண்டால் ஒரு கோடு.
இரண்டும் அண்டை என்றால் அம்பால் கோத்துவிடு.

புதாபெஸ்டில், ஐந்தாம் மாடியில்,
டிராம் திரும்பும்போதெல்லாம் அதிரும் ஜன்னலருகே
நாதஷ்லாக் என்ற ரயில் நிலையம்
பதினோரு நொடியில்
வட்டமும் கோடுமாய் உருமாறிவிடும்.
அடுத்து சரிபார்ப்பான் வரும்.
போகக்கூடிய வழியெல்லாம் போய்ப் பார்த்து,
போக முடியாத வழியையும் முட்டிப் பார்த்து,
ஒரே வரி சொல்லும்:
மோதல் இல்லை.

திரையில் பச்சை.
போதோண்ட் அவளுக்குக் காபி கொண்டுவந்தான்,
மெஷின் காபி, பாதிக் குவளை சர்க்கரை.

இந்த வேலைக்கு என் மொழியில்
முன்பே பெயர் வைத்திருக்கிறார்கள்.
பூவும் கொடியும் சேரும்போது
எங்கிருந்தோ ஒரு ஙகரம் வந்து நிற்கும்: தோன்றல்.
பொன்னில் குடம் செய்தால்
னகரம் றகரமாகிவிடும்: திரிதல்.
மரத்தின் வேரைச் சொல்லப் போனால்
மகரம் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போகும்: கெடுதல்.
பள்ளியில் அதற்கு இரண்டு மதிப்பெண்.
ரயில் நிலையத்தில் எவ்வளவு என்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எனிகோவுக்கு இதெல்லாம் தெரியாது.
அவளிடம் இருப்பது தடக்கோப்பு.
எந்த மூலத்திலிருந்து எது பிறந்தது என்று
கருவி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் பற்றுவரவு.
வியாழன் இரவு, பல் துலக்கப் போகும் முன்,
சும்மா கூட்டிப் பார்த்தாள்.
மூலத்தில் முந்நூற்று எண்பத்தொன்று.
தடத்தில் முந்நூற்று எண்பது.

மறுபடி கூட்டினாள்.
மறுபடி.

மூன்றாம் பக்கக்கிளை. நீளம் என்ற கட்டம் காலி.
வரைந்தவருக்கு அன்றைக்கு என்ன அவசரமோ.
விதியின் வாசலில் அவளே வைத்த காவல்:
நீளம் பூச்சியத்தைவிடப் பெரிதானால் உள்ளே விடு.
காலி எதைவிடவும் பெரிதில்லை.
விதி தொடவில்லை.
தொடாமல் விட்டது பிழையாகாது,
பிழையாகாததற்குச் சத்தமும் கிடையாது.
பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள், இலக்கிலிருந்து மூலத்துக்கு.
வந்தது முந்நூற்று எண்பதுதான்.
போகாதது எப்படித் திரும்பும்?

சரிபார்ப்பான் பொய் சொல்லவில்லை.
உலகில் இல்லாத ஒரு நிலையத்தைப் பற்றி
முழு உண்மையைச் சொல்லியிருந்தது.

சனிக்கிழமை, இரண்டரை மணி நேரப் பயணம்.
நாதஷ்லாக்கில் இறங்கியவள் இவள் ஒருத்தி.
உருகிய பனி காலணிக்குள் புகுந்தது.
ஆரஞ்சுச் சட்டை போட்ட போக்லார்கா
சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி
வண்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது கிளையா? அதோ."
அங்கே இரண்டு பெட்டி சர்க்கரைக் கிழங்கு,
மண்ணோடு, ஈரத்தோடு,
எந்த வட்டத்துக்குள்ளும் அடங்காமல்.

"நீளம் எவ்வளவு?"
"மூணு பெட்டி. நெருக்கினா நாலு."
"மீட்டரில்?"
போக்லார்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.
"நீதானே படிச்சவ. நடந்து பாரு."

எழுபத்திரண்டு அடி வைத்து நடந்தாள்.
பாதியில் ஒரு சரக்கு வண்டி
பிரதான பாதையில் வேகம் குறையாமல் கடந்தது.
கிளையின் முனைக்கும் அதற்கும் நடுவே
ஒரு கம்பி நெம்புகோல், ஒரு பூட்டு.
பூட்டின் சாவி
போக்லார்காவின் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது.
இதுவரை மோதல் இல்லாமல் இருந்தது
அந்தச் சாவியால்.

திங்கட்கிழமை நூற்றுப் பதினைந்தாம் விதி:
எந்த விதியும் தொடாத எதைக் கண்டாலும்
நில். கத்து.

நாதஷ்லாக் ஒரு தடவை கத்தியது.
நீளத்தை எழுதியதும் அடங்கியது.
பிறகு, கைவிரல் துறுதுறுக்க,
ஏற்கெனவே பச்சை வாங்கி அலமாரிக்குப் போன
மற்ற ஊர்களையும் இழுத்து உள்ளே விட்டாள்.

ஆறாவது ஊரில் போதோண்ட்
சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னான்.
அவள் ரயில் நேரங்களைக்
குறித்துக்கொண்டிருந்தாள்.