இன்று படகு இல்லை

மினோரி படகுத்துறையில்
என் சீட்டுச் சாவடிக்கு ஒரே சன்னல்.
அதில் மனிதர்கள் தெரிவது
கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே.
பத்தொன்பது கோடையாகச்
சட்டைப் பொத்தான்களோடு பேசிவருகிறேன்.

விடியும்போதே சிரோக்கோ.
ஆப்பிரிக்க மண்ணில் ஒரு பிடி அள்ளிவந்து
கார்க் கண்ணாடிகளில் பூசியிருந்தது.
வாடகை பாக்கிக்கு வந்தவன் மாதிரி
கடல் துறைப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக.
கத்தெல்லோ கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டுக்
காபி குடிக்கப் போய்விட்டான்.
பலகையில் எழுதிவைத்தேன்:
இன்று படகு இல்லை.

படித்துவிட்டும் கேட்கிறார்கள்:
"படகு இல்லையா?"
அப்புறம் கொஞ்சம் தாழ்ந்த குரலில்,
"அப்படியானால் என்ன செய்வது?"

பெர்கமோவிலிருந்து வந்த பல் மருத்துவத் தம்பதிக்கு
எலுமிச்சைத் தோட்டப் பாதையைச் சொன்னேன்.
மயோரிவரை மலையோடு போகும்.
கறுப்பு வலைக்கடியில் காய்கள் தொங்கும், பறிக்காதீர்கள்.
கூடையைத் தோளில் வைத்து இறங்குகிறவருக்கு
முதலில் வழிவிடுங்கள்.
நானூறு படி என்றதும்
அவள் தலை சன்னலுக்குள் இறங்கி வந்தது.
தன் செருப்பைப் பார்க்கிறாள்.

டென்மார்க் பையனுக்கு ரோமானிய மாளிகை.
எவனோ ஒரு பணக்காரன், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால்
ஓய்வெடுக்க வந்தவன்.
அவனுக்கும் பொழுது போகவில்லை போலும்,
எதிரே கடல் கிடக்க
வீட்டுக்குள் ஒரு குளம் வெட்டிக்கொண்டான்.

சண்டையோடு வந்த மூன்று சகோதரிகளை
அடுமனைக்கு அனுப்பினேன்.
எலுமிச்சைக் கேக், ஆளுக்கு ஒன்று.
பங்கிட வேண்டாம்.

மரகதக் குகை என்றே பிடிவாதமாக நின்றார்
நீலக் கோடு போட்ட சட்டை.
கிழவர். தனி ஆள்.
"உள்ளே தண்ணீர் பச்சையாக எரியும்," என்றேன்.
"துடுப்பிலிருந்து சொட்டுவதெல்லாம் வெளிச்சம்."
"நீங்கள் எத்தனை முறை பார்த்தீர்கள்?"
"கணக்கே இல்லை."
பொய்யில்லை அது.
பூஜ்யத்துக்கு எதற்குக் கணக்கு.

நான்கு மணிக்குக் காற்று விழுந்தது.
இங்கே சூரியன் கடலில் மறைவதில்லை,
மலைக்குப் பின்னால் சீக்கிரமே நழுவிவிடும்,
வேலை முடியுமுன் கிளம்பும் குமாஸ்தா.
படகை ராத்திரிக்கு அமால்ஃபித் துறைக்குக் கொண்டுபோக வேண்டும்.
"ஏறு எர்சிலியா," என்றான் கத்தெல்லோ,
"காலிப் படகு ரொம்ப ஆடும். கனத்துக்கு ஒரு ஆள் வேண்டும்."
இந்த மரியாதைக்காகவே ஏறினேன்.

அத்தனை இருக்கையும் நான் விற்றவை.
எதில் உட்காருவதென்று தெரியவில்லை.

ஊர் பின்னால் போனது.
என் சாவடி தீப்பெட்டியானது, பிறகு தீக்குச்சி,
பிறகு நான் அதைத் தேடுவதை விட்டேன்.
வளைவில் பேருந்து ஹாரன் அடித்தது.
பேருந்து மறைந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது.
மணிக்கூண்டுக்கு இடப்பக்கம், நான்காம் மாடி, பச்சைக் கதவு:
அட, என் வீடு.
கொடியில், காலையில் போட்டு மறந்த
சிவப்புப் படுக்கை விரிப்பு.
பக்கத்துச் சன்னலிலிருந்து ஒரு கை
கயிற்றை இழுக்கிறது.

மஃபால்தா.
பூந்தொட்டித் தண்ணீர் சொட்டிய விவகாரத்தில்
இரண்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை.
விரிப்பை உதறுகிறாள், மண் பறக்கிறது.
மோவாயில் ஒரு முனையை இடுக்கி
நாலாக மடிக்கிறாள், ஓரம் ஓரத்தோடு சேர,
நான் ஒருநாளும் மடிக்காத மாதிரி.
கையை ஆட்டினேன்.
அங்கிருந்து பார்த்தால்
நான் வெறும் படகு.

இப்போது அது அவள் வீட்டில் இருக்கிறது.
இரவு பேருந்தில் திரும்பி
நான்கு மாடி ஏறி
அவள் கதவைத் தட்ட வேண்டும்.
"நல்லிரவு" என்று தொடங்கினால்
போய்வருகிறேன் என்பதுபோல் இருக்கும்.

சுக்கானிலிருந்து கத்தெல்லோ கத்துகிறான்:
"வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது,
குகைப் பக்கம் விடட்டுமா?"

வேண்டாம் என்கிறேன்.
எனக்கு வேலை இருக்கிறது.